எட்டு வாரத் தமிழ்

எங்கள் ஊருக்கு யாரும் வருவதில்லை. எங்கள் ஊரில் இறங்குவார்கள். கொடைக்கானலுக்குப் போகிற உத்தேசத்தோடு ரயிலேறியவர்கள், விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெட்டிகளையும் பிள்ளைகளையும் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிச் சரிபார்த்தபடி இறங்கி, வெளியே நிற்கும் வேன்காரரிடம் பேரத்தை முடித்து, எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குளிர்ச்சியை நோக்கிப் பறந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, ஊர் என்பது பிறர் புறப்படுவதற்காக ஏற்பட்ட ஸ்தலம் என்ற அபிப்பிராயம் சிறு வயதிலேயே ஊறிப்போய்விட்டது. எனக்குச் சொந்த ஊர் கொடைரோடு என்று கேள்விப்பட்டவுடன் அன்னியர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி எனக்கானதல்ல, மலைக்கானது என்பதை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நான் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்து மனத்தைத் தேற்றிக்கொண்டவன்.

இது இன்று நேற்று ஏற்பட்ட சம்பிரதாயமும் அல்ல. 1730-களில், மதுரை நாயக்கர் வம்சம் அஸ்தமித்துக்கொண்டிருந்த காலத்தில், பங்காரு திருமலையின் படையும் சந்தா சாகிபின் படையும் எங்கள் ஊராகிய அம்மையநாயக்கனூர் வெளியில் மோதிக்கொண்டன. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே அவர்களுக்கு இது ஒரு சௌகரியமான மைதானமாக வாய்த்ததே தவிர, எங்கள் மண்ணின்மேல் இரு தரப்பாருக்கும் பிரத்தியேக ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. 1834-இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், காய்ச்சலும் காலராவும் தங்களில் பலரைக் கொண்டுபோவதைக் கண்டு அஞ்சி, 1845-இல் பழனி மலையின்மேல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் கொடைக்கானலுக்கு வித்திட்டார்கள். 1875-இல் ரயில் பாதை வந்ததும் அம்மையநாயக்கனூர் அவர்களுடைய இறங்குதுறையாயிற்று. இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் ஏறி, வத்தலக்குண்டு, பெரியகுளம் மார்க்கமாக இரவெல்லாம் குலுங்கி, அடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோ அவர்கள் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதனின் குண்டுக்கு இரையான கலெக்டர் ஆஷ் கூடக் கொடைக்கானலை நோக்கித்தான் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். பிழைத்திருந்தால் அவரும் எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, எங்களைத் திரும்பியும் பாராமல் வண்டியேறியிருப்பார்.

இவ்விதமான பூர்வோத்தரங்களை உடைய ஊரில், ஒரு ஜூன் மாதத்துச் சனிக்கிழமையன்று, அமெரிக்கக் கலாசாலை மாணவி ஒருத்தி பாசஞ்சர் வண்டியிலிருந்து இறங்கி, "கொடைக்கானலா மேடம்?" என்று சூழ்ந்துகொண்ட வேன்காரர்களுக்கெல்லாம் ஒரு பொதுக் கும்பிடு போட்டு, "நான் மலைக்குச் செல்லவில்லை. இந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறேன்" என்று இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல் சொன்னபோது ஏற்பட்ட மௌனத்தை நான் என்னவென்று சொல்வது! வேன்காரர்களில் மூத்தவர், அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே தீர்மானித்து, முதலில் தண்ணீர்ப் பாட்டிலையும் பிறகு என்னையும் அழைத்து வந்தார்.

விஷயம் இதுதான். 1961-இல் ஏற்பட்ட இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் என்ற ஸ்தாபனம், தமிழ் பயில விரும்பும் அந்நாட்டு மாணவர்களுக்காக மதுரையில் வகுப்பு நடத்துகிறது. அதில் கோடைகால வகுப்பு என்பது எட்டு வாரம். ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். வெளிதேசத்துக்குப் போய்ப் படிப்பதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கும் வழக்கத்தை அமெரிக்காவில் டெலவேர் சர்வகலாசாலை 1923-இல் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பி ஆரம்பித்தது என்கிறார்கள். அவர்களாவது ஓர் ஆண்டு தங்கினார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி பாதிரியாரோ காவி உடுத்து, பாதக்குறடு பூண்டு, புலால் துறந்து, தமிழும் வடமொழியும் கற்று, ஐம்பது ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்து மயிலாப்பூரில் மறைந்தார். 1839-இல் கப்பலேறிய ஜி.யு.போப்புக்குக் கடல் பிரயாணமே தமிழ்ப் பாடசாலையாக அமைந்தது. இந்தப் பெண்ணுக்கோ விமானத்தில் ஒரு படம் பார்த்துத் தூங்கி எழுவதற்குள் தமிழ்நாடு வந்துவிட்டது. வந்து மூச்சு விடுவதற்குள் பரீட்சை வந்துவிடும். இருந்தாலும் வாரநாட்களில் வகுப்பு, வார இறுதியில் ஊர் சுற்றிப் பேசிப் பழகுதல் என்ற ஏற்பாட்டில், சக மாணவர்கள் எல்லாரும் கொடைக்கானலுக்குப் போய்விட, இவள் ஒருத்தி மட்டும் ஸ்டேஷனோடு நின்றுகொண்டாள். இவளுடைய தேசத்தார் உயிருக்கு அஞ்சி எந்தச் சமவெளி வெயிலிலிருந்து மலைக்கு ஓடினார்களோ, அதே வெயிலைத் தேடி விமானக் கட்டணமும் கொடுத்து வந்திருக்கிறாள் என்றால், சரித்திரம் என்பது வேடிக்கைக்குப் பஞ்சமில்லாத சாஸ்திரம்தான்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் ஊராரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் முத்து முத்தான எழுத்தில் வரிசையாக இருந்தன. முதல் கேள்வியை ஸ்டேஷன் வாசலில் பன்னீர் திராட்சை விற்கும் பாட்டியிடம் தொடங்கினாள்.

"பாட்டி, தாங்கள் எத்தனை ஆண்டுகளாகப் பழம் விற்கிறீர்கள்?"

"நீ எத்தனை கிலோ வாங்கப்போறே, அதைச் சொல்லு தாயி."

பெண் யோசித்து, ஒரு கிலோ என்றாள். பாட்டி தராசில் கொத்துகளை வைத்து, எடை கொஞ்சம் தூக்கியிருக்கவே இன்னும் நாலு பழத்தைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, தன் விசாரணையைத் துவக்கினாள்: ஒத்தைப் பிள்ளையாகவா இம்புட்டுத் தூரம் அனுப்பி வைத்தார்கள், கூடப் பிறந்தது எத்தனை, அப்பனுக்கு என்ன சம்பாத்தியம், ஆத்தா சம்மதித்தாளா, இந்தப் படிப்பு முடித்தால் எம்புட்டுச் சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, ஆகாவிட்டால் ஏன் ஆகவில்லை. தராசுத் தட்டு இறங்குவதற்குள் அந்தப் பெண்ணின் ஜாதகத்தைத் தவிர மற்றவையெல்லாம் பாட்டியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. எவ்வளவு பெரிய சர்வகலாசாலையிலும் நேர்காணல் என்னும் வித்தையை இத்தனை கச்சிதமாகக் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது துர்லபம். நோட்டுப் புத்தகத்தில் அன்று பதிவானது ஒரே ஒரு தகவல்தான்: திராட்சையின் விலை. அதிலும் பத்து ரூபாய் கூடுதல்.

அடுத்து அகப்பட்டவன் நான். ஊருக்குப் பெயர் அம்மையநாயக்கனூர். ஸ்டேஷன் பலகையில் மட்டும் கொடைக்கானல் ரோடு என்று எப்போது, யார் எழுதினார்கள்? மாட்டுவண்டிகள் எந்த இடத்தில் நின்றன? நாற்காலி சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? அவர்களுக்குக் கூலி எவ்வளவு? பானிப்பட்டில் நடந்த மூன்று யுத்தங்களுக்கும் 1526, 1556, 1761 என்று தூக்கத்தில் கேட்டாலும் தேதி சொல்லக்கூடிய எனக்கு, என் வீட்டு வாசலில் நடந்த யுத்தத்தைப் பற்றி ஓர் அட்சரமும் தெரியாது. இக்கட்டுரையின் ஆரம்பத்தில் நான் விஸ்தாரமாகப் பொழிந்திருக்கும் சரித்திரமெல்லாம், "அடுத்த சனிக்கிழமை வருகிறேன் ஐயா" என்று அவள் சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த ஒரு வாரத்துக்குள் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் அலைந்து, நூலகத்துப் புழுதியைத் தும்மித் தும்மிப் படித்துத் தேறியதே. உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூட நாளைய பாடத்துக்கு இவ்வளவு சிரத்தையாக நான் தயார் செய்ததில்லை.

என்னைப்போல் சிரமப்படாமல் காரியத்தை முடித்தவர்கள் ஆட்டோக்காரர்கள். ஸ்டாண்டில் இருந்த மூவரையும் அவள் தனித்தனியே கேட்க, ஜமீன்தார் தம் மனைவி ரயில் பார்க்க ஆசைப்பட்டதற்காக ஸ்டேஷனைக் கட்டினார் என்று ஒருவரும், வெள்ளைக்கார எஞ்சினியருக்கு இங்கே பாம்பு கடித்து ஒரு நாட்டு வைத்தியர் பிழைக்க வைத்ததற்கு நன்றியாக ரயில் நின்றது என்று மற்றொருவரும், மூன்றாமவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் எம்.ஜி.ஆர். கொடுத்தது என்றும் சொன்னார்கள். மூன்றையும் அவள் ஒரே மரியாதையுடன் எழுதிக்கொண்டு, வாய்மொழி வரலாறு என்று தலைப்பும் இட்டுவிட்டாள். புத்தகம் பார்த்துச் சொன்ன என்னுடைய சரித்திரத்துக்கு அரைப் பக்கமும், பாம்புக்கடிக்கு இரண்டரைப் பக்கமும் அவள் ஒதுக்கியிருந்ததைப் பின்னர் பார்த்து நான் கொஞ்சம் வருத்தப்பட்டது உண்மை.

நம் பக்கத்துப் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகாமல் இல்லை. என் தங்கை பேரன் படிக்கும் பொறியியல் கல்லூரியில், ஒரு வாரச் சிங்கப்பூர் கல்விப் பயணம் என்று ஒன்று ஏற்பாடு செய்து, பெற்றோரிடம் கணிசமான தொகையை வசூலித்து அழைத்துப் போனார்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் கனக்க, திருச்சி விமான நிலையத்தில் இரண்டு வேன் நிறைய உறவினர் கண்ணீர் மல்க வழியனுப்ப, அவன் போனான். சிங்கமும் மீனும் கலந்த அந்தச் சிலையின் முன்னால் வாயைத் திறந்து தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு படம், சிராங்கூன் ரோட்டில் நம்முடைய பரோட்டாவே கிடைத்த ஆனந்தம், ஒரு சான்றிதழ், ஊர் முழுவதும் கொடுத்தாலும் தீராத சாக்லேட் இவற்றோடு திரும்பினான். என்ன படித்தாய் என்று கேட்டதற்கு, குப்பை போட்டால் அபராதம் தாத்தா என்றான். ஒரு வாரத்துக்கு அது அதிகப் படிப்பென்றே எனக்குப் பட்டது.

அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு தமிழ்க் கல்யாணம் பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்த எட்டு வார வகுப்பின் பெரிய சங்கடம், அது ஆனியில் பாதியும் ஆடியில் பாதியுமாக அமைவது. ஆடி பிறந்துவிட்டால் கூழும் முளைப்பாரியும் தீமிதியும் உண்டே தவிரக் கெட்டிமேளம் கிடையாது. ஆகவே ஆனி முடிவதற்குள் அவசரமாக விசாரித்து, எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் மகனுக்கு நிலக்கோட்டையில் நடந்த கல்யாணத்துக்கு அவளை அழைத்துப் போனேன். நிலக்கோட்டை மல்லிகை தலை கொள்ளாமல் சூட்டி, சின்னாளபட்டிச் சுங்குடி உடுத்தி அவளை என் மனைவி கொண்டுவந்து நிறுத்தியதும், மேடையில் நடந்துகொண்டிருந்த முகூர்த்தம் ஒரு கணம் நிலை தடுமாறியது. படம் பிடிப்பவர் மணமக்களை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு இவளை நடுவில் நிறுத்தி எடுத்த படங்களில், ஒன்றில் மாப்பிள்ளையின் வலது காது மட்டும் விழுந்திருக்கிறது. மணப்பெண் அதன் பிறகு என் மனைவியோடு பேசுவதில்லை.

ஆனால் விபரீதம் மேடையில் விளையவில்லை. மொய் எழுதும் மேஜையில் விளைந்தது. எல்லாரும் செய்வதைப் பார்த்து, அவளும் போய் வரிசையில் நின்று, ஐந்நூற்று ஒரு ரூபாயை நீட்டினாள். எழுதுகிறவர் தலை நிமிராமலே "ஊரு?" என்றார், "விஸ்கான்சின்" என்றாள். "எந்தப் பக்கம்?" என்றார். நான் குறுக்கிட்டு விளக்கிய பிறகு, அமெரிக்கா என்று ஊர் எழுதி, தகப்பனார் பெயரைக் கேட்டு, பிற்காலத்தில் தகராறு வரக்கூடாதே என்று அதையும் எழுதி, இன்னார் மகள் ரூ.501 என்று நோட்டில் ஏற்றிவிட்டார். எங்கள் சீமையில் மொய் என்பது நன்கொடை அல்ல, வட்டியில்லாக் கடன். செய்தவர் வீட்டு விசேஷத்தில், செய்த தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யாதவன் நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஆகஸ்டில் அவள் விமானமேறிவிட்டாள். அன்றுமுதல் மளிகைக்கடைக்காரர் என்னைக் கண்ட இடத்திலெல்லாம், "அந்தப் பாப்பா வீட்ல விசேஷம் எப்ப சார்?" என்று விசாரிக்கலானார். இன்னும் படிக்கிறாள், இப்போதைக்கு இல்லை என்றால், "காது குத்து, சடங்கு, வீடு குடிபுகுறது, எதுனாலும் சொல்லுங்க சார், கடன் நிக்குது" என்பார். அவர்கள் நாட்டில் மொய் நோட்டே கிடையாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நோட்டு இல்லாமல் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

மறு வருஷம் ஜூனில் அவள் சொல்லி அனுப்பியதன்பேரில் மாணவர் இருவர், ஒருவர் கலிபோர்னியா, மற்றவர் பென்சில்வேனியா, மலைக்குப் போகாமல் எங்கள் ஊரிலேயே இறங்கினார்கள். வேன்காரர்கள் இம்முறை திகைக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் மூவரும் பாம்புக்கடிக்கே நல்ல வரவேற்பு என்று கண்டுகொண்டு ஒருமித்து அதையே சொன்னார்கள். திராட்சைப் பாட்டியோ கிலோவுக்கு இரண்டு கேள்வி, அதற்கு மேல் கேட்டால் இன்னொரு கிலோ என்று கண்டிப்பாக அறிவித்துவிட்டாள். நான் புதிதாகப் படித்து வைத்திருந்த சரித்திரத்தை எடுக்கும் சமயம் பார்த்து, மளிகைக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, மஞ்சள் தடவிய கவர் ஒன்றோடு ஓடி வந்தார். உள்ளே அறுநூற்று ஒரு ரூபாய். விஸ்கான்சின் இவர்கள் இருவருடைய ஊருக்கும் வெகு தூரம் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், "ஒரே நாட்டுக்காரவங்க, போற வழியில கொடுத்திர மாட்டாங்களா சார்?" என்று அந்தக் கவரைக் கலிபோர்னியாப் பையன் கையில் திணித்து, மொய் நோட்டில் அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.