இருத்தல் ஒழுக்கம்: பேருந்தில் சென்று மலையும் கடலும் நடப்போர் பற்றிய ஓர் ஆய்வு

நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழ் இலக்கணம், மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் பெயரிட்டு, ஒவ்வொரு திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுத்துத் தந்தது. முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கருப்பொருளாவது அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறை முதலியன. உரிப்பொருளாவது அந்நிலத்து மாந்தர்க்குரிய ஒழுக்கம். இப்பகுப்பு அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்குவதற்கு மிக முற்பட்டதாதலின், பேருந்தில் சென்று இறங்கி, மலையிலோ கடற்கரையிலோ நடந்து, மீண்டும் பேருந்தேறி வீடு திரும்பும் ஒரு கூட்டத்தாரைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட்டது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். இக்கூட்டத்தார் இங்குப் பேருந்து நடையர் எனப்படுவர். சொந்தக் கார் உடையோரும் வேன் அமர்த்துவோரும் இவ்வரையறைக்குள் வாரார். நினைத்த நேரத்தில் திரும்பிவிடக் கூடியவர்களிடம் ஆராய்வதற்கு எதுவும் இல்லை.

முதற்பொருளில் நிலத்தை முதலில் எடுத்துக்கொண்டால், பேருந்து நடையருக்கு மலை தொடங்குவது அடிவாரத்தில் அன்று, பேருந்து முடியும் இடத்தில் என்பது தெளிவாகும். இதற்குத் தக்க சான்று மலையில் அல்லாமல் கடற்கரையில் கிடைக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்த பின், இராமேசுவரத்திலிருந்து செல்லும் பேருந்து நெடுங்காலம் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிட, அதற்கு அப்பால் மணலில் வேன்களும் மனிதக் கால்களும் மட்டுமே சென்றன. 2017இல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டதும், பேருந்து நிலமுனை வரைக்கும் சென்று திரும்பத் தொடங்கியது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. மணல் நகர்ந்தது என்றாலும் அது அதன் வழக்கம். ஆனால் ஒரு முழுநாள் நெய்தல் நடை, பேருந்தை விட்டு இறங்கி, நிலமுனையில் நிற்கும் தூணைச் சுற்றிப் படமெடுக்கும் நடையாகச் சுருங்கிற்று. எனவே, நடையின் நீளத்தைத் தீர்மானிப்பது நடப்பவரின் கால் அன்று, நெடுஞ்சாலைத் துறை என்பது இவ்வாய்வின் முதல் முடிபாகும்.

குமரி மாவட்டக் கடற்கரை இம்முடிபுக்கு மறுதலையான ஒரு சான்றைத் தருகிறது. அலையோரமாகவே நடந்துவிடலாம் என்று கிளம்புபவர், பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் கழிமுகத்தைக் கண்டு நிற்க நேரும். 2004 ஆழிப்பேரலையில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்திருந்த பாலம் உடைந்து, பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டதால், இன்று நடையரும் பேருந்தும் அக்கரை சேர ஒரே பாலத்தைத்தான் நாடவேண்டியுள்ளது. அங்கே கடந்துசெல்லும் பேருந்தைப் பார்த்த பின்னும் தொடர்ந்து நடப்பவரே மெய்யான நெய்தல் நடையர் எனத் துணியலாம்.

கொல்லிமலையோ நிலத்தின் இயல்பையே தலைகீழாக்கிக் காட்டுவது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தே ஏறிவிடுகிறது. நடையர் செய்வதெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே. அறப்பளீசுவரர் கோயிலருகே இறங்கியபின், ஆகாய கங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கீழ்நோக்கிக் கடக்க வேண்டும். பிற மலைகளில் முதலில் ஏற்றமும் பிறகு இறக்கமும் வருவதால், களைத்தவர் பாதியில் திரும்பிவிட இயலும். இங்கோ இறக்கம் முதலில் வருகிறது. இறங்கும்போது எவரும் களைப்பதில்லை. களைப்பு என்னும் அறிவு பிறக்கும்போது நடையர் அருவியின் அடியில் நிற்கிறார், பேருந்து மலையின் மேல் நிற்கிறது. வல்வில் ஓரியின் கொடையால் புகழ்பெற்ற இம்மலையில், மூட்டுவலிக்குத் தைலம் வைத்திருப்பவரே இன்றைய வள்ளல்.

பிற மலைகளைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. வால்பாறைச் சாலையில் வளைவுகள் 40. ஏலகிரியில் 14, அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஆயினும் புலவர் பெயரைச் சொல்லி ‘இறங்கிக்குங்க’ என்று குரல் கொடுக்கும் நடத்துநரைக் காண்பது அரிது.

இனிப் பொழுது. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பகலின் இறுதிப் பகுதி. பேருந்து நடையருக்கு இரு நிலத்திலும் பொழுது ஒன்றே: கடைசிப் பேருந்து புறப்படும் பொழுது. மற்றெல்லாப் பொழுதுகளும் அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பெறப்படுவன. சூரிய உதயம்கூட அவருக்கு, கடைசி வண்டிக்கு இத்தனை மணி நேரம் முந்தைய நிகழ்வு என்ற அளவிலேயே பொருள்படும். யாமம் இன்றும் குறிஞ்சிக்கு உரியதாய் நிலைத்திருக்கும் இடம் வெள்ளியங்கிரி ஒன்றே எனலாம். பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில், கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பேருந்தில் வந்து, மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் ஏழு மலைகளையும் ஏறி விடியலில் உச்சியை அடைவோர், பகல் வெளிச்சத்தில் இறங்கிப் பகல் பேருந்தையே பிடித்துவிடுகின்றனர். அவர்கள் இலக்கணமும் அறிந்தவர்கள், கால அட்டவணையும் அறிந்தவர்கள்.

பொழுது பற்றிய ஆய்வில் மிகவும் இடர் தருவது ‘நைட் ஹால்ட்’ வண்டி. மாலையில் மலையூருக்கு ஏறி வந்து, இரவு அங்கேயே நின்று, விடியலில் முதல் நடையாகக் கீழிறங்கும் பேருந்துக்கு இப்பெயர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு இருளில் நிற்கும் நடையர், தொலைவில் வளைவு வளைவாக ஏறிவரும் முகப்பு விளக்கைக் கண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுவார், வண்டி வந்து நிற்கும், எஞ்சின் அணையும், ஓட்டுநர் இறங்கிப் பெட்ஷீட்டை உதறும்போதுதான், வரும் பேருந்தெல்லாம் போகும் பேருந்து அன்று என்னும் தெளிவு அவருக்குப் பிறக்கும்.

முன்னோர் இத்துன்பத்தை அறியாதது ஏன் என்ற வினாவும் ஆராயத்தக்கது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், கூத்தரை மலைவழியே ஆற்றுப்படுத்துவது. வழுக்கும் தடம் எது, பாம்பு உறையும் குழி எது, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்றெல்லாம் அது எச்சரிப்பதைக் காணும்போது, மலைநடைக்கு அதனினும் நல்ல கையேடு இல்லை எனத் தோன்றும். ஆயின் திரும்பும் நேரம் பற்றி அது கவலைப்படுவதாகத் தெரியவில்லை. காரணம் எளிது: அக்காலப் பரிசிலர் தேரும் குதிரையும் யானையும் பெற்றுத் திரும்பும் வாய்ப்புடையோர். அந்நூல் கூறும் நவிரமலை எனக் கருதப்படும் பர்வதமலைக்கு இன்று தென்மகாதேவமங்கலம் வழியே செல்வோர்க்குத் தேர் தருவார் எவரும் இலர்.

கருப்பொருள்களுள் தெய்வம், மலைச்சாலையின் முதல் வளைவுக்கு முன்னுள்ள கோயிலில் உறைவது. அதன் முன் ஓட்டுநர் கும்பிடும்போது பின்னிருக்கையில் இருக்கும் நாத்திகரும் மறுப்புத் தெரிவிப்பதில்லை. உணவு பருப்பு வடையும் டீக்கடை பன்னும். விலங்கு, அவற்றைப் பறிக்கும் குரங்கு. பறை நடத்துநரின் விசில். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் செல். இரண்டாம் வகை ஒலியை நூறு கெஜத் தொலைவிலிருந்து கேட்ட நடையர் ஓடும் வேகம், அன்று அவர் மலையில் எங்கும் காட்டாத வேகமாகும். மக்கள் என்னும் கருப்பொருள் சற்று நின்று நோக்கத்தக்கது. மிளகு மூட்டையும் பலாப்பழமும் லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றி வரும் மலையூரார், தலைமுறை தலைமுறையாக நடந்து அலுத்து, மனுக் கொடுத்துப் பேருந்து பெற்றவர்கள். நடக்காமல் இருப்பதற்காகப் பேருந்தேறும் அவர்களுக்கு, நடப்பதற்காகப் பேருந்தேறி வரும் ஒருவரின் நோக்கம் விளங்குவதில்லை. நியாயம் அவர்கள் பக்கமே இருப்பதாகத் தோன்றுகிறது.

அனுமதிச் சீட்டும் அண்மைக் காலக் கருப்பொருள்களுள் ஒன்று. காட்டுத் தடங்களில் வனத்துறையின் இசைவின்றி நடத்தல் குற்றமாதலின், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 தடங்களுக்கு இணையவழியில் முன்பதிவு செய்துகொள்ளலாம். தடம் தொடங்கும் நேரத்துக்கு முதல் நடைப் பேருந்து வந்துசேருமா என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியது உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரியன என்ப. பேருந்து நடையரிடம் இவ்விரண்டும் இல்லாமல் இல்லை. பேருந்தின் பின்புறத்தைக் கண்டு இரங்குதல் மலையிலும் நிகழ்கிறது. அப்பின்புறம் வளைவில் மறைவது பாலைக்குரிய பிரிதல். ‘அருவியில் இன்னொரு முறை குளிக்கலாம் என்றது யார்’ என்பதில் தொடங்கும் மருதத்து ஊடல் நிழற்குடையில் நெடுநேரம் நீடிப்பது. ஆனால் இவையெல்லாம் சிறுவரவினவே. நடையர் தம் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது நிறுத்தத்தில் காத்திருப்பதில்தான். அதுவே இருத்தல், அதாவது வருவேன் என்ற சொல்லை நம்பி ஆற்றியிருத்தல். இருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். முல்லைக்குச் சிறுபொழுது மாலை. கடைசிப் பேருந்து வரவேண்டியதும் மாலையிலேயே. ஆகவே மலையில் நடப்பினும் கடலோரம் நடப்பினும் இவர் முல்லைத் திணையினரே. திணைகள் மயங்குவதை இலக்கணம் விலக்காததால், இம்முடிபுக்குத் தடை சொல்வார் இலர்.

முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்றொரு கெடுவாவது இருந்தது. நிழற்குடைச் சுவரிலோ துணிக்கடை விளம்பரம் மட்டுமே உண்டு. மலையூர், கடலோர ஊர் நிறுத்தங்களில் கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டுமாவது உரியவர்கள் பெயின்ட்டில் எழுதி வைக்க வேண்டும். அது நிறைவேறும் வரை, நடையர் இறங்கும்போதே நடத்துநரிடம் ஒருமுறையும் டீக்கடையில் ஒருமுறையும் கேட்டு, இரண்டில் முந்திய நேரத்தையே நம்புக.