பனைக்கு ஏதுட்டி நெட்வொர்க்கு?

ஏட்டி பேத்தி, வாட்சப்புல கருப்பட்டி ஏவாரம் ஆரம்பிச்சிட்டியாமே! இனி ஒன் வீட்டுக்காரன் ஒங்கிட்ட சம்பளத்துக்கு நிப்பான். நல்லது, நிக்கட்டும்.

நான் குறை சொல்ல வரலட்டி. எங்க அப்பன் காலத்துல ஏவாரிகிட்ட முன்பணம் வாங்கினவனுக்கு வாயே கிடையாது, அவன் சொன்னதுதான் விலை. இப்ப நீ விலை சொல்லுத, மெட்ராஸ்காரி ‘சரிக்கா’ங்கா, யூபிஐ-ல காசு விழுந்துருது. ஆனா ‘பணம் அனுப்புதேன், பின் நம்பரைப் போடு’ன்னு எவனும் சொன்னா போனை வச்சிரு. காசு வாங்க எதுக்குட்டி பின் நம்பரு? ஒன் மாமியார்கிட்டயும் சொல்லி வை, அவ ஆசைக்காரி. ஏமாந்துட்டா ஒடனே 1930-க்கு அடிக்கணும், என்கிட்ட வந்து அழக்கூடாது.

2023-ல உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதைப் பெருசாப் போட்டிருக்க. சரி. உணவுப் பாதுகாப்புக்காரங்க குடுக்குற 14 இலக்க நம்பர் எங்க? ‘வாங்கணும் தாத்தா’ங்க. ரீல்ஸ் போட மட்டும் நேரம் இருக்கு. ‘இயற்கை’ன்னு எழுதின கருப்பட்டிய பிளாஸ்டிக்குல மூணு சுத்து சுத்துதியே, ஓலைப்பெட்டி முடையுத கிழவி அடுத்த தெருவுல சும்மாத்தான உக்காந்திருக்கா?

தீவாளிக்கு ‘எவ்வளவு கேட்டாலும் உண்டு’ன்னு போட்டிருக்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு. பங்குனி சித்திரையில சுரக்குத பதனீர் ஐப்பசி மழையிலயும் சுரக்குமோ? பரண்ல ஏத்தி வச்ச பழைய கருப்பட்டின்னா கண்ணை மூடிட்டு வாங்குவேன். ஒன் பரண் எம்புட்டு, ஆர்டர் எம்புட்டு? மிச்சத்துக்குச் சீனிப்பாகுதான? வருசம் பூரா சுரக்குத ஒரே பனை சீனி மூடைதான்.

ஒனக்குக் கருப்பட்டி தாரானே பனையேறி மாமன், காலையும் சாயந்தரமும் ஏறிப் பாளையச் சீவுதான். கலயத்துல சுண்ணாம்பு தடவ மறந்தா கள்ளாயிரும். அதுக்கு நீ விளம்பரமே போட வேண்டாம், போலீசே வீடு தேடி வரும். அவன் மவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். கிலோவுக்கு நீ ஏத்தின விலையில அந்த மாமனுக்கு எம்புட்டு ஏத்தின? முழிக்காத. அவனும் ஏறமாட்டேன்னு இறங்கிட்டா, ஒன் குரூப்புல இருக்க அக்காமாரா வந்து பாளை சீவுவாளுவ?

நாளைக்கே போய்க் கணக்கு முடி. அவன்கிட்ட இருக்கது பட்டன் போனு, துட்டைக் கையில குடு. எனக்குக் கமிஷன் ஒண்ணும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு வட்டு கருப்பட்டி போதும், ஒங்க ஆச்சிக்குத் தெரியாமக் கொண்டா. டாக்டர் சொன்னதுல இருந்து அவ என் காப்பிய மோந்து பாக்கா.