நன்றி மின்னஞ்சல்: மாண்புமிகு மனிதவளத் துறைக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: ஓ.எம்.ஆர். கண்ணாடி மாளிகை ஒன்றின் ஏழாம் மாடியில் வீற்றிருக்கும் மனிதவளத் துறை
பொருள்: நேர்காணலுக்குப் பின் அனுப்பும் நன்றி

நன்றி மின்னஞ்சல் என்பது நேர்காணலுக்குப் போய்வந்தவர், தன்னைக் கேள்வி கேட்டவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் எழுத வேண்டிய நாலைந்து வரி. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேச்சில் வந்த ஏதாவது ஒரு விஷயம், வேலையில் ஆர்வம் இன்னும் குறையவில்லை என்ற நினைவூட்டல் ஆகியவை இதில் இருக்கும். வயிறாரச் சோறு போட்டவரிடமே ‘போய்ட்டு வரேங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஊருக்கு இது புது வழக்கம். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் உண்டு. பத்துக் குறளிலும் கெடு ஏதும் கிடையாது. தவிர, வள்ளுவர் சொல்லும் நன்றி, பெற்றுக்கொண்ட உதவி. ஆகவே பெற்றதைக் குறிப்பது முறை: காலை 10 மணிக்கு வரச்சொல்லி 1.40-க்கு உள்ளே விட்டது, காகிதக் கப்பில் பாதித் தண்ணீர், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமலே ஒருவர் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று இரண்டு தடவை கேட்டது.

இவற்றுக்கு நன்றி கூறிய ஒருவருக்குப் போன வாரம் நாலே நொடியில் துறையின் பதில் வந்தது. ‘டியர் ஃபர்ஸ்ட்நேம்’ என்று அது தொடங்கியது. மொத்தமாக அஞ்சல் அனுப்பும் மென்பொருளில் பெயருக்கான இடத்தில் ஒரு குறி இருக்கும். பட்டியலிலிருந்து பெயரை இழுத்து அங்கே நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் குறியே பெயர். விண்ணப்பப் படிவம் லாஸ்ட்நேம் இல்லாமல் நகர மறுத்தபோது, இனிஷியல் மட்டுமே உள்ள அந்த மனிதர் அப்பா பெயரை அங்கே போட்டு ஒப்பேற்றியிருந்தார். அதுவும் வீண். தாத்தாவும் ஜோசியரும் கூடி வைத்த பெயர் ஒருபுறம் இருக்க, துறை சூட்டிய பெயரே இனி செல்லும்.

ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டல் அனுப்பலாம் என்பது அடுத்த விதி. திரு. ஃபர்ஸ்ட்நேம் அனுப்பினார். ‘டியர் ஃபர்ஸ்ட்நேம், யுவர் அப்ளிகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட் டு அஸ்’ என்று அதே கடிதம் வந்தது. இந்த முகவரிக்குப் பதில் போட வேண்டாம் என்ற அடிக்குறிப்பும் அதே. அரசு அலுவலகமாக இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, 30 நாளில் பதில் கேட்கலாம். தனியாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

நாலு ரவுண்டு. பாட்டி செத்துவிட்டதாகப் பொய் சொல்லி எடுத்த லீவு, அதற்குப் பிடித்த சம்பளம். ‘எடுக்கவில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுத எந்தக் கை வலிக்கிறது? வரச்சொன்னவனை வாசலிலேயே மறந்துவிட்டுப் போகிற இடத்துக்கு மனிதவளம் என்று ஒரு பெயரா? மன்னிக்கவும், துறையின் வேலைப்பளு ஊரறிந்தது. அதற்கிடையிலும் ஒரு மனிதருக்கு இரண்டு முறை பெயர் சூட்டியது பெருந்தன்மைதான்.

போர்ட்டலில் இன்றும் ‘பரிசீலனையில்’ என்றே இருக்கிறது. ‘அந்தக் கம்பெனிலேர்ந்து பதில் வந்துச்சாப்பா?’ என்று வீட்டில் அம்மா தினமும் கேட்கிறார். ‘வந்துச்சும்மா, ரெண்டு தடவ’ என்கிறார் ஃபர்ஸ்ட்நேம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லா. ஃபர்ஸ்ட்நேம்