வெள்ளிக்கிழமை காணாமல் போன கதை

டேரா, துபாய்
23.01.2022, ஞாயிறு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதியிருப்பது உங்களுக்காக இல்லை, எனக்காக. மூன்று வாரமாக எனக்குக் கிழமை பிடிபடவில்லை.

நான் இங்கே வந்த ஒன்பது வருஷமும் வெள்ளி, சனிதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கறிக்கடையில் நெஞ்செலும்புக்கு வாதாடிக்கொண்டிருக்கும்போது நான் இஸ்திரிச் சட்டையோடு மெட்ரோவில் தொங்கிக்கொண்டிருப்பேன். போன டிசம்பர் 7ஆம் தேதி அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது. ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு லீவு. வெள்ளி அரைநாள் வேலை, 12 மணிக்கு முடிந்துவிடும். சட்டம் அரசு ஆபீஸ்களுக்குத்தான், தனியார் கம்பெனிகள் அவரவர் சௌகரியம். எங்கள் முதலாளி ஒரு வாரம் யோசித்துவிட்டு, 'நாமும் மாறிவிடலாம்' என்றார். வெள்ளி மத்தியானம் விட்டுப்போகிற நேரத்தை மற்ற நாலு நாளிலும் சேர்த்துவிட்டதை மெதுவாகப் பிறகு சொன்னார்.

முதல் வாரம் லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. டிசம்பர் 31 வெள்ளி, ஜனவரி 1 சனி. இரண்டும் பழைய கணக்கில் லீவு. 2ஆம் தேதி ஞாயிறு புதுக் கணக்கில் லீவு. மூன்று நாளும் தூங்கினேன். அந்தக் கடனை 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை வட்டியோடு வசூலித்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஆபீஸைப் பார்த்திருக்க வேண்டும். யாருக்கும் முகத்தில் களை இல்லை. எங்கள் ஸ்டோர் கீப்பர் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். இருபத்தெட்டு வருஷமாக இங்கே இருக்கிறார். வெள்ளியென்றால் நிதானமாகக் குளித்து, வெள்ளை ஜிப்பா மடிப்புக் கலையாமல், அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குக் கிளம்புகிறவர். இப்போது நாடு முழுக்கத் தொழுகை நேரம் 1.15 என்று வைத்துவிட்டார்கள். காக்கா காலையிலேயே ஜிப்பாவை ஹேங்கரோடு கொண்டுவந்து ஃபைல் அலமாரியில் மாட்டினார். 11.45க்கு அத்தர் பாட்டிலைத் திறந்ததும் அக்கவுண்ட்ஸ் பக்கம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. நான் அதோடு கணக்கை மூடினேன். அந்த வாசனையில் டெபிட் ஏது, கிரெடிட் ஏது! "இதுக்கே இப்படி மலைக்கிறியே தம்பி, 2006ல் வியாழன், வெள்ளி லீவை வெள்ளி, சனியாக மாத்தினப்பவும் உலகம் அழிஞ்சுபோகும்னுதான் சொன்னாங்க" என்றார் காக்கா.

உலகம் அழியவில்லை, எனக்குத்தான் ஒன்பதாம் தேதி ஞாயிறு மானம் போயிற்று. பழக்கதோஷத்தில் எழுந்து, குளித்துச் சட்டை மாட்டி, ரிக்கா ஸ்டேஷனில் ஏறிவிட்டேன். உட்கார இடம் கிடைத்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலைநாள் காலையில் அந்த ரயிலில் யாருக்காவது இடம் கிடைக்குமா? நானோ, 'ஆகா, நல்ல சகுனம்' என்று ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு பிசினஸ் பே வரை ராஜா மாதிரி போனேன். ஆபீஸ் கதவு பூட்டு. நேபாளத்து வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தான். "சார், எதையாவது மறந்துவிட்டீர்களா?" என்று கேட்கிற பாவத்தில் டீயை நீட்டினான். குடித்துவிட்டு, ஏதோ ஃபைலைத் தேடி வந்தவன் போலத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினேன்.

திரும்பும்போது உங்கள் ஞாபகம்தான். நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாள் நினைவிருக்கிறதா? சாம்பிராணி போட்டு, குங்குமம் வைத்து, நீங்களே முதலில் உட்கார்ந்தீர்கள். ஒரு வரி அடித்து முடித்ததும் உங்கள் இடது கை தானாக எழும்பி, இல்லாத லீவரைத் தேடி மானிட்டரை ஓர் அறை விட்டதே! நான் சிரித்தேன் என்று ஒரு வாரம் பேசவில்லை. அந்தப் பாவம்தான் இப்போது ரிக்கா ஸ்டேஷனில் பிடித்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரூமில் நிலைமை இன்னும் மோசம். நாலு பேர், வெள்ளிதோறும் பிரியாணி, முறைவைத்துச் சமையல். இப்போது செல்வம் ஷார்ஜாவில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் லீவு. எனக்கு இரண்டரை நாள். முருகேசன் கட்டட வேலை, ஒரே நாள், அதுவும் எந்த நாள் என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட் ரவிக்கு எப்போதும்போல் செவ்வாய், அவனிடம் லீவு மாறியதைச் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறான். அடுத்த மாதம் 2ஆம் தேதி வருகிற புதிய தொழிலாளர் சட்டத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு என்றுதான் இருக்கிறதாம், அது வெள்ளி என்று இல்லை. பிரியாணியை எந்தக் கிழமைக்கு மாற்றுவது என்று இரண்டு கூட்டம் போட்டோம். இரண்டாவது கூட்டத்தில் செல்வமும் முருகேசனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். போன வெள்ளி தக்காளி சாதம்.

வேலையில் லாபம் இருப்பதை மறைக்கக் கூடாது. முன்பு வியாழன் சாயங்காலம் ஜெர்மனிக்காரனுக்குப் பணம் அனுப்பினால் அவன் வெள்ளியன்று ஒரு சந்தேகம் கேட்பான், எங்களுக்கு லீவு. ஞாயிறு நாங்கள் பதில் போடுவோம், அவனுக்கு லீவு. திங்கள்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்போம். இப்போது வெள்ளிக் காலையிலேயே முடிந்துவிடுகிறது. மத்தியானம் ஏதாவது மிச்சமிருந்தால் 'வீட்டிலிருந்து பாருங்கள்' என்கிறார் மேனேஜர். எனக்கு வீடு என்பது இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு. லேப்டாப்பைத் திறந்தால் தலை மேற்கூரையில் இடிக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை யார் போன் பண்ணினாலும், "ஆபீஸில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்று தப்பித்துவந்தேன். சீட்டுப் பணம் கேட்ட மாமா, ஜாதகக் கட்டோடு அலையும் அத்தை எல்லோரையும் அந்த ஒரு வாக்கியம்தான் தள்ளிவைத்திருந்தது. போன வாரம் அம்மா, "இனிமேல் அவனுக்கும் ஞாயிறு லீவாமே!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்குக் காலையிலிருந்து இதுவரை பதினோரு மிஸ்டு கால். அத்தையுடையது மட்டும் ஆறு.

நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் அங்கே ஒன்றரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள், இங்கே 12. செல்வமும் முருகேசனும் சமாதானமாகிவிட்டார்கள், பிரியாணி தம்மில் இருக்கும். அத்தை பக்கத்தில் இருந்தால் மட்டும், நான் ஆபீஸில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்