சுடலைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை

வாலே மவனே, இப்படித் திண்ணையில உக்காரு. என்ன மொகம் வாடிக் கெடக்கு, சம்பளம் போடலையா? ஓ, சம்பளத்தோட சேத்துப் புண்ணியமும் போடுதாராக்கும் உங்க மேனேசரு! வெள்ளிக்கிழமை காலையில மீட்டிங் ரூம்ல பிரார்த்தனை. அங்க கண்ணைத் தொறந்தவனுக்கு ஏப்ரல்ல இன்கிரிமென்ட்டு கண்ணை மூடிக்கிடும். நீயும் பல்லைக் காட்டிக்கிட்டு மொத வரிசையில நின்னுருக்கே. நின்னது நின்னுட்டே, வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட ஏன் எரிஞ்சு விழுதே? அவளா மணியடிச்சா?

இது புதுசு இல்லலே. 1968ல அண்ணா முதலமைச்சரா இருக்கும்போதே, சர்க்கார் ஆபீசுல இருக்கிற சாமி படத்தை எடுங்கன்னு உத்தரவு வந்துச்சு. நான் தாலுகா ஆபீசுல பியூனாச் சேந்தப்போ படமும் இருந்துச்சு, உத்தரவும் இருந்துச்சு. ஒண்ணு சுவத்துல, ஒண்ணு பீரோவுல. ஆயுத பூசைக்கு வசூல் நோட்டு வந்தா, ரெக்கார்டு ரூம்ல இருந்த முஸ்லிம் பாய்தான் மொதல் ஆளாக் கையெழுத்துப் போட்டுக் காசு குடுப்பாரு. பொரிகடலை வாரப்போ பாத்து டீ குடிக்கப் போயிருவாரு. பக்தியா பயமான்னு நாங்க கேக்கல, அவரும் சொல்லல.

நீ சண்டைக்குப் போகாதே, அந்தத் தெம்பு உனக்குக் கெடையாது. மேனேசரைவிடப் பெரிய பக்தனாயிரு. "சார், அருமையான ஏற்பாடு. அடுத்த வெள்ளி எங்க குலசாமி முறை. சுடலைமாடன். பெருஞ்செலவு இல்ல, ஒரு கெடா, ரெண்டு சேவல், ஒரு கட்டு சுருட்டு, ஒரு பாட்டில் சாராயம். வில்லுப்பாட்டு நடுச்சாமத்துலதான் சூடு பிடிக்கும். எனக்கு அருள் வந்தா ஒங்க சீட்டுலதான் உக்காருவேன், கோவிச்சுக்கிடாதீங்க"ன்னு பணிவாக் கேளு. ஆபீசு வேலை பாக்குற எடம்ங்கிற ஞானம் அவருக்கு அன்னிக்கே பொறந்துரும்.

பேத்தி சங்கதிதான் எனக்கு நெஞ்சுல தைக்கி. கோடை லீவுல ஓசியாப் படம் வரையச் சொல்லித் தாராங்கன்னு அனுப்புனே. திரும்பி வந்து, "தாத்தா, நம்ம சுடலை பேயாமே?"ன்னு கேட்டா. அதை நிறுத்திட்டுக் காசு கட்டி அபாகஸுல சேத்தே. அங்க கூட்டல் கழித்தலுக்கு முன்னாடி கால்மணி நேரம் சுலோகமாம். பக்கத்து வீட்டு ரகமத்து மவன் சத்தமில்லாம வாயை மட்டும் அசைப்பானாம், நடிச்சே காட்டுனா. ஏழு வயசுல அவன் படிச்ச வித்தையை நாப்பது வயசுல நீ இப்பத்தான் பழகுதே.

பள்ளிக்கூடம்னா சட்டம் இருக்கு. அரசியல் சட்டத்துல 28(3)ம் பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவிப் பணமோ உள்ள பள்ளிக்கூடத்துல, பெத்தவன் சம்மதம் இல்லாம புள்ளையை மதபாடத்துக்கோ வழிபாட்டுக்கோ இழுக்க முடியாது. 2024ல சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளிக்கூடத்து சமாச்சாரம் படிச்சியா? ஊக்கப்பேச்சுன்னு வந்தவன், போன சென்மத்துப் பாவந்தான் இந்தச் சென்மத்துல ஊனம்னு புள்ளைகளுக்கு அளந்தான். கண்பார்வை இல்லாத வாத்தியார் ஒருத்தர் அங்கனயே தட்டிக் கேட்டாரு. அப்புறம் ஊரே நாறி, பேசுனவனைப் போலீசு புடிச்சுட்டுப் போச்சு.

உன் கம்பெனிக்கும் அபாகஸுக்கும் அந்தப் பிரிவு எட்டாதுதான். ஆனா கம்பெனியில அவன் உனக்குக் காசு குடுக்கான், பயப்படுதே, சரி. அபாகஸுல நீதானலே குடுக்கே, அங்கயும் என்ன நடுக்கம்? "டீச்சரம்மா, சுலோகம் முடிஞ்ச பொறவு புள்ளையக் கொண்டாந்து விடுதேன், கால்மணி நேரத்துப் பீஸைக் கழிச்சுக்கிடுங்க"ன்னு சொல்லு. கழித்தல் அவங்களுக்கு நல்லா வருமே.

கெளம்பிட்டியா? நில்லு, ஆடியில சுடலைக்குக் கொடை. தலைக்கட்டு வரி ரெண்டாயிரம்னு உன் பேருல எழுதிருக்கேன். நீ வராட்டாலும் வரி வந்துரணும். என்னலே மொறைக்கே? மேனேசர்னா பல்லைக் காட்டுவே, பெரியப்பன்னா மொறைப்பியோ? ஜிபேயில போடு.