இல்லாத பிரிண்டரின் வீர வரலாறு

1975-ல் அமெரிக்காவின் 'பிசினஸ் வீக்' பத்திரிகை, வருங்கால ஆபீஸ் எப்படி இருக்கும் என்று பெரிய தலைகளிடம் கேட்டது. ஜார்ஜ் பேக் என்பவர் உற்சாகமாகிவிட்டார். 1995 வாக்கில் அவர் மேஜையில் டிவி மாதிரி ஒரு திரை இருக்குமாம். பட்டனைத் தட்டினால் ஃபைல் வந்து நிற்குமாம். அப்புறம் அச்சடித்த காகிதம் எவ்வளவுதான் தேவைப்படப் போகிறது என்றார். சரி, இந்த பேக் யார்? ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத் தலைவர்! ஊர் உலகத்தைக் காப்பி எடுக்க வைத்தே கோடீஸ்வரனான கம்பெனியின் ஆள், காகிதத்துக்கு இரங்கற்பா வாசிக்கிறார்.

இதில் வேடிக்கை, அதே கூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்ற இன்ஜினீயர் ஏற்கெனவே ஒரு மெஷினைச் செய்து ஓடவிட்டிருந்தார். பழைய ஆபீஸில் மேலதிகாரி, "லேசர் கீசர் என்று நேரத்தை வீணாக்காதே" என்கிற ரீதியில் விரட்ட, மனிதர் மாற்றல் வாங்கிக்கொண்டு பாலோ ஆல்டோவுக்கு ஓடி வந்து செய்த மெஷின் அது. பெயர், லேசர் பிரிண்டர். காகிதத்தின் ஆயுசை ஐம்பது வருஷம் நீட்டித்த புண்ணியவான்!

அங்கேயே ஜான் வார்னாக், சக் கெஷ்கி என்று இருவர் உட்கார்ந்து, எந்தப் பிரிண்டருக்கும் புரிகிற மாதிரி பக்கத்தை வர்ணிக்கும் 'இன்டர்பிரஸ்' என்ற மொழியை உருவாக்கினார்கள். ஜெராக்ஸ் மேலிடம் பார்த்தது, பாராட்டியது, கம்பெனிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது. வெளியே விட மாட்டார்களாம். எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழியைக் கண்டுபிடித்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கு அசாத்தியத் திறமை வேண்டும்.

நொந்துபோன இருவரும் 1982-ல் வெளியேறித் தனிக்கடை போட்டார்கள். பெயர் வைக்க கன்சல்டன்ட் எல்லாம் கிடையாது. வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அடோபி, கம்பெனியும் அடோபி. லோகோ வரைந்தது மனைவி மார்வா. இந்த வார்னாக் ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் ஃபெயில் ஆனவர். பின்னாளில் கணக்கிலேயே பட்டம் வாங்கி, அப்புறம் இன்ஜினீயரிங்கில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார், அந்த வாத்தியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இன்டர்பிரஸ் போலவே பக்கத்தை வர்ணிக்கும் அடோபியின் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழி ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடித்துப்போய், கம்பெனியையே விலைக்குக் கேட்டார். மாட்டோம் என்றார்கள். கிடைத்த 19 சதவீதப் பங்கோடு சமாதானமானார். அப்படி 1985-ல் வந்ததுதான் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர். 12 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 1.5 எம்பி மெமரி. அதை ஏவி வேலை வாங்க வந்த மேக்கின்டாஷுக்கோ 8 மெகாஹெர்ட்ஸ்தான், முதல் மாடலில் வெறும் 128 கேபி. விலையும் அப்படித்தான், மேக் வந்தபோது 2,495 டாலர், பிரிண்டர் 6,995 டாலர். சம்பளமும் மூளையும் அதிகமுள்ள குமாஸ்தாவுக்கு உத்தரவு போடும் மேனேஜர் கம்ப்யூட்டர் உலகத்திலும் உண்டு!

இவ்வளவு காசு கொடுத்து வீட்டில் யார் பிரிண்டர் வைப்பார்கள்? அதற்காகவே விண்டோஸில் ஒரு சலுகை இருந்தது. பிரிண்ட் பெட்டியில் 'பிரிண்ட் டு ஃபைல்' என்ற சின்னக் கட்டம். டிக் அடித்தால், காகிதத்துக்குப் போக வேண்டியது ஃபைலாகிவிடும். பிளாப்பியில் போட்டுக்கொண்டு பிரிண்டர் இருக்கிற இடத்துக்குப் போகலாம். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது!

அந்தக் காலத்துக்குப் போய் டிக் அடியுங்கள். 'அவுட்புட் ஃபைல் நேம்' என்று குட்டிப் பெட்டி வரும். எங்கே சேமிப்பது என்று தேட ஒரு 'பிரவுஸ்' பட்டன்கூட இருக்காது. பெயரை அடித்து ஓகே தட்டினால் பெட்டி மறையும், ஃபைலும் மறையும். அது எந்த ஃபோல்டரில் போய் விழுந்தது என்பது அதற்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். தேடிப் பிடித்து நோட்பேடில் திறந்தால் டாலர், கட்டம், கொம்பு, தலைகீழ்க் கேள்விக்குறி. எந்தப் பிரிண்டருக்காகச் சேமித்தீர்களோ அந்த வகைப் பிரிண்டருக்கு மட்டுமே புரியும். கடைக்காரரிடம் இருப்பது வேறு வகையென்றால், ஒரு பக்க பயோடேட்டா நாற்பது பக்கக் குப்பையாக வெளியே வரும். காசு நாற்பது பக்கத்துக்கும்தான்!

வார்னாக்குக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். எந்த சாஃப்ட்வேரில் செய்ததானாலும் எந்த மெஷினிலும் அப்படியே தெரிய வேண்டும், அப்படியே அச்சாக வேண்டும் என்று 1991 வாக்கில் ஒரு திட்டம் எழுதினார். வைத்த பெயரோ 'கேம்லாட்', ஆர்தர் ராஜாவின் தலைநகரம். வட்டமேஜை, வீரர்கள், மாயவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால், உள்ளே இருந்தது பிடிஎஃப்!

அந்த ராஜதந்திரத்தின் அடிப்படை என்ன தெரியுமா? ஒரு பச்சைப் பொய். 'எனக்கு ஒரு பிரிண்டர் இருக்கிறது' என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பது. அது பாவம், பயபக்தியோடு பக்கம் பக்கமாக அனுப்பும். மறுமுனையில் டிரைவர் என்ற பெயரில் ஒரு மோசடிப் பேர்வழி, வந்ததையெல்லாம் வாங்கி ஃபைலில் கட்டிவைப்பார். மை இல்லை, காகிதம் இல்லை, பேப்பர் ஜாமும் இல்லை.

1993-ல் பிடிஎஃப் வெளிவந்தது. அடோபிக்கு உடனே வியாபார புத்தி தலைக்கேறியது. ஃபைல் உருவாக்கக் காசு, நியாயம். ஃபைலைப் படிக்கும் ரீடருக்கும் 50 டாலர்! வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் பணம் கட்டிய பிறகு, திறந்து பார்க்கிறவரும் கட்ட வேண்டும் என்றால் எத்தனை 'குட்மார்னிங்' தப்பிக்கும்? யாரும் வாங்கவில்லை. இதை ஊற்றி மூடிவிடலாம் என்றது போர்டு, முடியாது என்றார் வார்னாக். அடுத்த வருஷமே ரீடரை இலவசமாக்கினார்கள். அமெரிக்க வருமானவரித் துறை தன் படிவங்களையெல்லாம் பிடிஎஃப் ஆக்கியது. ஆக, உலகம் இதைக் கற்றுக்கொண்டது இலக்கியம் படிக்க அல்ல, வரி கட்ட!

இலக்கியத்துக்கும் உதவியது, குறிப்பாக நமக்கு. யூனிகோடு பரவாத காலத்தில் தமிழ் ஃபைலை ஒருவருக்கு அனுப்பினால், அவரிடம் அதே ஃபான்ட் இல்லாத பாவத்துக்கு வள்ளுவர் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் காட்சி தருவார். பிடிஎஃப் ஃபான்டையும் உள்ளேயே சுமந்துகொண்டு போனது. நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் பல கம்ப்யூட்டர்களில் ஒழுங்காகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அல்ஜீப்ராவில் கோட்டைவிட்ட அமெரிக்கர் சங்கப் புலவர்களுக்குச் செய்த கைங்கர்யம்!

இதையெல்லாம் பார்த்து மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? விண்டோஸ் விஸ்டாவோடு 'எக்ஸ்பிஎஸ்' என்ற சொந்தச் சரக்கை இறக்கியது. அதற்கும் ஒரு இல்லாத பிரிண்டர். ஆஃபீஸ் 2007-ல் பிடிஎஃப் வசதியையும் இலவசமாகச் சேர்க்கப் பார்த்து, அடோபி முறைத்ததும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் தனி டவுன்லோடாகக் கொடுத்தது. எக்ஸ்பிஎஸ்ஸையோ பெரும்பாலானவர்கள் தெரியாமல் கிளிக் செய்து, 'இது என்ன ஃபைல், திறக்கவே மாட்டேன் என்கிறதே' என்று திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள்.

கடைசியில் 2015-ல், விண்டோஸ் 10-ல், மைக்ரோசாஃப்ட் தன் பெயரையே முன்னால் போட்டு 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று ஒரு பிரிண்டரைக் குடிவைத்தது. எதிராளியின் கண்டுபிடிப்புக்கு 22 வருஷம் கழித்து மாலை மரியாதை! பக்கத்திலேயே எக்ஸ்பிஎஸ்ஸையும் விட்டுவைத்தது, பெற்ற பாசம். அந்த விண்டோஸின் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால் இன்னொரு பெரியவரும் கண்ணில் படுவார். பெயர், ஃபேக்ஸ். தூங்குகிறார், எழுப்பாதீர்கள்.