மாடிக்கு லிஃப்ட், கீழே கோம்பை நாய்

கேள்வி: இரண்டு மாடி வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குள்ளேயே லிஃப்ட் வைக்கலாமா?
- ஒரு வாசகர், கோம்பை

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் கம்பெனிக்காரர் வருவதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கம்பிக் கயிற்றில் இழுக்கும் வழக்கமான லிஃப்டுக்குக் கீழே ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி வேண்டும், உச்சியிலும் இடம் விட வேண்டும். கட்டி முடித்த வீடென்றால் ஹைட்ராலிக் வகையையோ திருகுத் தண்டில் ஏறும் வகையையோ விசாரியுங்கள். குழி சிறிதாக இருந்தாலே போதும். நாளை சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும்படி கதவு அகலமாக இருக்கட்டும்.

கயிறு அறுந்தால்? 1854-இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் தன் பாதுகாப்புப் பிடிப்பானைக் காட்ட, உயரத் தூக்கிய மேடைமேல் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. அந்தப் பிடிப்பானின் வாரிசுதான் இன்றும் காக்கிறது. நம் ஊர்க் கவலை கயிறு அல்ல, கரண்ட். உங்கள் ஊர்க் கோம்பை நாய் அந்நியரைக் கண்டால் ஊரையே எழுப்பும். கரண்ட் போய் நின்ற லிஃப்டோ முனகக்கூடச் செய்யாது. எனவே பேட்டரியில் அடுத்த தளம் சேர்த்துக் கதவு திறக்கும் மீட்புக் கருவியும், உள்ளே ஒரு போனும் கட்டாயம். பழுது பார்க்கிறவர் தேனியிலிருந்து வருவாரா, சென்னையிலிருந்தா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

1997-ஆம் ஆண்டுத் தமிழக லிஃப்ட் சட்டப்படி நிறுவ அனுமதி, இயக்க உரிமம் என்று மின் ஆய்வுத் துறையின் படியும் ஏற வேண்டும். அதற்கு லிஃப்ட் கிடையாது.

ஆமாம், அம்மா மாடிக்குப் போவது எதற்கு? வற்றல் காயப்போடத்தான் என்றால் நீங்களே ஏறிப் போட்டுவிடலாமே!